மருந்துலக மேதை டாக்டர் சுப்பாராவ்



வாரம் ஒரு நாள் பள்ளிகளில் மதிய உணவுக்குப் பின் வழங்கப்படும் நீல நிற மாத்திரையை அறியாதவர் உங்களில் எவரும் இல்லை. முகத்தைச் சுளித்தபடியே விழுங்குவோர் உண்டு, ஆசிரியை திரும்பும் நேரம் பார்த்து ஜன்னல் வழியே வீசிவிடுவோரும் உண்டு (யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை!). இரத்த சோகையைப் போக்கும் இரும்புச் சத்து அதில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனோடு அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது என்பதைச் சிலரே அறிவர். அந்த ஃபோலிக் அமிலத்தை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவை நடத்தியவர் நம் சென்னையில் படித்த ஒரு மருத்துவர். மெட்ரிகுலேஷன் தேர்வை மூன்றாவது முயற்சியில்தான் அவர் தேறினார் என்பதைக் கேட்டால் உங்களில் சிலருக்கு ஆறுதலாகக்கூட இருக்கலாம். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இரத்த சோகைக்கான மருந்தோடு அவர் கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது. அதே ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி அவருடைய ஆய்வுக்கூடம் செய்த பொருள், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முறையாகத் தடுத்து நிறுத்தியது. அதன் வழிவந்த மருந்து நிணநீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுக்கும், உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் முடக்குவாதத்துக்கும் இன்றுவரை பயன்பட்டு வருகிறது. இவ்வளவும் செய்தவரின் பெயரை நம் பாடநூல்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோதாவரிக் கரைச் சீமையில் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர், இவர் நான்காமவர். தந்தைக்கு உடல்நலம் குன்றி முன்னதாகவே வேலையிலிருந்து ஓய்வு பெற வேண்டியதாயிற்று. வீட்டில் வறுமை. பையனுக்கோ படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயது வாக்கில் ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பணம் சேர்த்துவிடலாம் என்பது அவன் திட்டம்! பழனிக்குப் பாதயாத்திரையாகப் போகும் பக்தர்கள் கூட்டம் நம் திண்டுக்கல் வழியே செல்வதையும், சிறுமலைப் பழத்துக்கு அந்நாட்களில் இருக்கும் கிராக்கியையும் கண்டவர்களுக்கு அந்தச் சிறுவனின் கணக்கு அவ்வளவு தப்பாகத் தோன்றாது. ஆனால் தாய் வெங்கம்மா விடவில்லை. மகனைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்.

ராஜமந்திரியில் படிப்பு சரிவரவில்லை. நெருங்கிய உறவினர் அடுத்தடுத்து நோய்க்குப் பலியானது அவன் உள்ளத்தை வாட்டியது. பின்னர் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினான். அடுத்து மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட். அந்தக் காலத்தில் அவருக்குத் துறவறத்தின்மேல் நாட்டம் உண்டாயிற்று. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட விரும்பினார், தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் கற்று நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதும் துறவுக்குச் சமமே என்று மடத்தார் எடுத்துரைக்க, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சம்பளம் கட்ட வழியில்லை. நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்ற செல்வரும் உதவினர். அந்தச் செல்வரின் மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டில் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அது நாடெங்கும் அந்நியத் துணி பகிஷ்காரம் பற்றி எரிந்த காலம். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்ட சுப்பாராவ், அறுவை சிகிச்சைக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றார். ஆங்கிலேயரான அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார், ஆயினும் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு முழம் கதருக்குக் கொடுத்த விலை பெரிதுதான். சென்னை மாகாண மருத்துவப் பணியிலும் இடம் கிட்டாமல், டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

அந்நாட்களில்தான் அவர் வாழ்க்கையைத் திசை திருப்பிய துயரம் நேர்ந்தது. அவருடைய சகோதரர் இருவர், சில நாட்கள் இடைவெளியில், கிராணி என்று நம் பக்கத்தில் சொல்லும் கொடிய வயிற்றுக் கழிச்சல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், இரத்தம் சுண்டி, மனிதன் நாளுக்கு நாள் தேய்ந்து போகும் நோய் அது. மருத்துவம் படித்தவர் வீட்டிலேயே இருந்தும் காப்பாற்ற வழியில்லை. காரணம், மருந்தே இல்லை. சுப்பாராவையும் அதே நோய் பீடித்து, ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தெழுந்தார். எந்தச் சத்துக் குறைவு அந்நோயின் இரத்த சோகையை உண்டாக்குகிறது என்று அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. கால் நூற்றாண்டுக்குப் பின் அதைச் சீசாவில் அடைத்துத் தரப் போகிறவர் தாமே என்று அவரும் அறிந்திருக்க நியாயமில்லை.

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல ஆசை. காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளை கொஞ்சம் பணம் தந்தது. மாமனார் மீதியைக் கொடுத்தார். இளம் மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறி, 1922 அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார். அப்போது வயது இருபத்தேழு. அதன்பின் அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை. மனைவி சேஷகிரி காத்திருந்தார், காத்துக்கொண்டே இருந்தார். மேதைகளின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் பின்னே விட்டுச் சென்றவர்களுக்கு எத்தனை வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். இவருக்கு அநேகமாக ஒரு வரிதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நோய்ப் பள்ளியில் பயிற்சி. கையிலோ காசில்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை அங்கே யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் படுக்கையை மாற்றி, கழிகலங்களைக் கழுவும் வேலை செய்து பிழைத்தார், பகலில் படித்தார். பின்பு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்க இருவரும் சேர்ந்து 1925இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் கற்றது. தசை சுருங்கும்போது செலவாகும் பாஸ்போகிரியாட்டினை 1927இலும், உயிரணுக்களின் சக்தி நாணயம் என்று சொல்லத்தக்க ஏ.டி.பி.யை 1929இலும் அவர்கள் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே கண்டார். உயிரியல் வகுப்பில் நீங்கள் ஏ.டி.பி. என்று எழுதும் ஒவ்வொரு முறையும், இரவில் கழிகலம் கழுவிய நம் நாட்டவர் ஒருவரின் உழைப்பும் அதில் இருக்கிறது.

1930இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இரண்டாண்டுகளில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஏனென்றால் ஃபோலிக் அமிலத்தின் கதை அமெரிக்காவில் தொடங்கவில்லை; இந்தியாவில், ஏழைப் பெண்களிடத்தில் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்கள் கடுமையான இரத்த சோகையால் இறந்துகொண்டிருந்தனர். இரும்புச் சத்துக் கொடுத்தும் பலனில்லை. வில்ஸ் அவர்களுடைய குடிசைகளுக்கே சென்று என்ன உண்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் பெண்கள் மருத்துவமனையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ரொட்டியில் தடவும் மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தால் அப்பெண்கள் தேறுகிறார்கள் என்று கண்டு 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்து எது என்பதை மட்டும் அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை. சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறிய அதே திருவல்லிக்கேணியில், அவர் கடல் கடந்து சென்ற சில ஆண்டுகளில், அவருடைய வாழ்நாள் வேலைக்கான விதையை ஒரு பெண் ஊன்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசளைக் கீரையை அரைத்து வடித்து அந்தச் சத்தில் சிறிதளவைப் பிரித்தனர். இலைக்கு லத்தீன் மொழியில் ஃபோலியம் என்று பெயர். ஆகவே ஃபோலிக் அமிலம் ஆயிற்று. (நம் வீட்டுக் கொல்லை முருங்கைக் கீரையிலும் இது உண்டு. ஆனால் கீரையை மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் சத்தில் பெரும் பகுதி போய்விடும், அம்மாவிடம் சொல்லுங்கள்.) நான்கு டன் கீரையில் சிட்டிகை அளவு கிடைத்தால் நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? அதன் மூலக்கூற்றின் அமைப்பை அறிந்து செயற்கையாகச் செய்வதே வழி. சுப்பாராவின் கூடத்தில் வேதியியலார், நுண்ணுயிரியலார் எனப் பலர் ஒன்றாக உழைத்து 1945இல் அதைச் செய்து முடித்தனர். அந்த ஆய்வுக் கட்டுரையில் பதினாறு பெயர்கள் உள்ளன. இயக்குநர் சுப்பாராவின் பெயர் ஏழாவதாக வருகிறது. அந்த மருந்து விரைவில் கிராணி நோயாளிகளுக்கும் கொடுக்கப்பட்டு, அவர்கள் தேறினர். தம் சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு மருந்து கிடைத்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, இந்த வரலாற்றின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களின் தொழிற்சாலை. அங்கே உருவாகும் வெள்ளணுக்கள் உடலின் காவற்படை. அந்த அணுக்களில் ஒன்று கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால் அது இரத்தப் புற்று. அப்படிப் பெருகுவது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களிலுள்ள நிணநீர்ச் சுரப்பிகளில் நிகழ்ந்தால் அது நிணநீர்ப் புற்று. (காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்தச் சுரப்பிகள்தாம். நெறி கட்டுவதெல்லாம் புற்று அல்ல. யாரும் பயப்பட வேண்டாம்.) 1940களில் கடும் இரத்தப் புற்று கண்ட குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடும். மருத்துவர்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்றொரு நோய்க்குறியியல் அறிஞர் இருந்தார். நோய்க்குறியியல் அறிஞர் என்பவர் பொதுவாக நோயாளியின் முகத்தைக் காண்பவர் அல்லர். அவர் மேசைக்கு வருவது இரத்தத் துளி, சதைத் துணுக்கு, சில வேளைகளில் உயிரற்ற உடல். ஆண்டுக்கணக்கில் இறந்த குழந்தைகளின் மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வந்த ஃபார்பர், உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று துணிந்தார். இரத்த சோகையில் மஜ்ஜையைச் சீர்படுத்தும் ஃபோலிக் அமிலம் இரத்தப் புற்றிலும் சீர்படுத்தலாம் என்று கருதி, அதன் சேர்மங்களைச் சுப்பாராவின் கூடத்திலிருந்து பெற்றுக் கொடுத்துப் பார்த்தார். பலன் நேர்மாறாயிற்று. சில குழந்தைகளிடம் நோய் முன்னிலும் வேகமாகப் பெருகியதை மஜ்ஜை காட்டியது.

வேறொருவராயிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பார். ஃபார்பரோ தாம் கண்டதிலிருந்தே வேறொரு கேள்வியை எழுப்பினார். ஃபோலிக் அமிலம் புற்றணுக்களுக்குத் தீனியாகிறது என்றால், அத்தீனியை நிறுத்தினால் என்ன? அதற்கு ஏற்ற பொருளும் சுப்பாராவின் கூடத்திலேயே கிடைத்தது. ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூற்றில் ஓரிரு இடங்களை மட்டும் மாற்றி, பார்வைக்கு அதைப் போலவே இருந்து செயலில் எதிராக நிற்கும் பொருள்களை அங்கே வேதியியலார் உருவாக்கி வந்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அது தன் மரபுப் பொருளை இன்னொரு படி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்ற ஒரு நொதி வேண்டும். நொதி பூட்டு என்றால், ஃபோலிக் அமிலம் சாவி. அமினோப்டெரின் கள்ளச் சாவி. துவாரத்தில் ஒழுங்காக நுழையும். ஆனால் திரும்பவும் திரும்பாது, வெளியேயும் எளிதில் வராது. நல்ல சாவி நுழைய இடமில்லாமல் பூட்டு வீணாகிவிடும். ஓயாமல் பெருகும் புற்றணுதான் இதில் அதிகமாக அடிபடும். வாய்ப்புறம், குடலுறை, ஆரோக்கியமான மஜ்ஜை இவற்றின் அணுக்களும் வேகமாகப் பெருகுபவை ஆதலால் அவையும் ஓரளவு அடிபடும். வாய்ப்புண்ணும் வேறு துன்பங்களும் அதனால் வருபவையே.

1947 டிசம்பர் கடைசி வாரத்தில் அமினோப்டெரின் முதன்முதலாக நோயுற்ற ஒரு குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. 1948 ஜூன் 3ஆம் நாள் வெளியான கட்டுரையில் ஃபார்பர் தம் முடிவுகளைச் சொன்னார். மருந்து பெற்ற பதினாறு குழந்தைகளில் பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியது. இரத்தம் சீரடைந்தது, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். இது நிரந்தரமல்ல, சில மாதங்களில் நோய் மீண்டது. ஃபார்பர் அதை மறைக்கவுமில்லை. ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றைத் தணிக்க முடியும் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் சுப்பாராவின் பெயர் இல்லை.

இதே ஆண்டுகளில் அவருடைய கூடத்திலிருந்து வேறு இரு மருந்துகளும் வந்தன. ஒன்று ஹெட்ரசான், யானைக்கால் நோயின் கிருமிகளை அழிக்கும் மாத்திரை. கும்பகோணத்துப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும். மற்றொன்று ஆரியோமைசின். எழுபது வயது கடந்து ஓய்வு பெற்றிருந்த டக்கர் என்ற தாவர அறிஞரை வேலைக்கு அமர்த்தி, பல இடங்களின் மண்ணைச் சோதிக்கச் சொன்னதன் பயன் அது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுவே முதலாவது. 1948 ஜூலையில் அதை உலகுக்கு அறிவித்தனர்.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுநாள் எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாவதற்கு இருந்த சட்டத் தடை 1946இல் நீங்கிய பின்னும் அவர் இந்தியராகவே இருந்து இந்தியராகவே இறந்தார். சுதந்திர இந்தியாவை அவர் பார்க்கவில்லை.

ஆனால் மருந்தின் பயணம் நிற்கவில்லை. அமினோப்டெரினைவிடக் கையாள எளிதான அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட் விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடை விகாரமாக வீங்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றை 1958இல் விவரித்தார். கதிர்வீச்சுக் கருவிகள் இல்லாத அந்நாட்டில், 1960களின் தொடக்கத்தில் மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகளைக் கொடுத்தபோது பெரும் வீக்கங்கள் சில நாட்களிலேயே வற்றின. சில குழந்தைகள் முற்றிலும் குணமடைந்தனர். மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுக்கு இன்றும் மெத்தோட்ரெக்சேட்டே முதன்மையான மருந்து.

இன்னொரு நிகழ்ச்சியை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடி அணுக்களிலிருந்து அரிதாக ஒரு புற்று தோன்றும். நுரையீரல் வரை பரவி, சில மாதங்களில் தாயைக் கொன்றுவிடும். இந்தப் புற்றணுக்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். கர்ப்பத்தை உறுதி செய்யச் சோதிப்பார்களே, அதே ஹார்மோன். ஆகவே அதன் அளவை வைத்து உடலில் எவ்வளவு புற்று மிச்சமிருக்கிறது என்று கணிக்கலாம். புகை தெரிந்தால் நெருப்பு அணையவில்லை என்பதுபோல. இவ்வாறு நோயின் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களைப் புற்றுக் குறியீடுகள் என்கிறோம். 1956இல் அமெரிக்க அரசின் புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லீ என்ற சீன மருத்துவர், ராய் ஹெர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து, இந்நோயாளிப் பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. எல்லோரும் மகிழ்ந்தனர். லீ மட்டும் சமாதானமடையவில்லை. ஹார்மோன் இன்னும் கொஞ்சம் தெரிகிறதே! அது அறவே மறையும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நஞ்சு போன்ற மருந்தைக் கொடுக்கிறார் என்று குற்றம் சாட்டி அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டனர். காலம் தீர்ப்புச் சொன்னது. ஹார்மோன் மறையும்வரை மருந்து பெற்ற பெண்களிடம் நோய் திரும்பவில்லை. பரவிவிட்ட கட்டிப் புற்றொன்று மருந்தினால் மட்டுமே குணமானது அதுவே முதல்முறை. 1972இல் அமெரிக்காவின் பெருமைமிக்க லாஸ்கர் விருது லீக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

குழந்தைகளின் இரத்தப் புற்றிலும் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960களில் வளர்ந்தது. அன்று மாதக்கணக்கில் எண்ணப்பட்ட ஆயுள் மாறி, நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றனர். அந்த நீண்ட சிகிச்சையில் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் இன்றும் உண்டு. நம் மாநிலத்தில் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1912இல் பட்டம் பெற்றவர். ஒருவர் நோயாளிக்குக் கட்டில் தந்தார். மற்றவர் அக்கட்டிலுக்கு மருந்தை அனுப்பினார். இருவரும் சந்தித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

முடக்குவாதத்தின் செய்தி வேறு விதமானது. அந்நோயில் உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் பகைவர் என்று தவறாகக் கருதி மூட்டுகளையே தாக்குகின்றன. விரல்கள் காலையில் மடங்காமல் விறைத்து நிற்கும். நாளாவட்டத்தில் கோணிப் போகும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கும் நோய் இது. புற்றுக்குக் கொடுப்பதில் மிகச் சிறு அளவு மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்தால் அந்தக் காவற்படை அடங்குகிறது என்ற எண்ணம் நெடுநாளாகவே இருந்தது. 1980களில் உறுதிப்பட்டு, 1988இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. கர்ப்பிணிகள் இம்மருந்தைத் தொடவே கூடாது. தினமும் தவறுதலாக உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு நாள்தான். மருந்தின் கடுமையைத் தணிக்க மருத்துவர் வேறொரு நாளில் இன்னொரு மாத்திரையும் எழுதித் தருவார். அது வேறெதுவுமல்ல, ஃபோலிக் அமிலம்! நல்ல சாவியும் கள்ளச் சாவியும் ஒரே சீட்டில். முடக்குவாதம் உள்ள பாட்டி யார் வீட்டிலாவது இருந்தால் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. மேடைகளில் அவர் அதிகம் தோன்றியதுமில்லை. தம் பெயரை முன்னிறுத்த வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எது யாருடைய கண்டுபிடிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கூட்டாக உழைப்பதே அவர் வழி. அவரிடம் வேலை செய்த வேதியியலாருக்கும் இந்தப் பெருமையில் உரிய பங்கு உண்டு. பூஞ்சை வகையொன்றுக்கு 1953இல் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய நூற்றாண்டான 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் பொறித்த தபால் தலை வெளியிட்டது. தபால் தலை சேகரிக்கும் மாணவியர் யாரிடமாவது அது இருந்தால், அறிவியல் கண்காட்சி நாளில் கொண்டுவந்து எல்லோரும் பார்க்க வைக்கலாம்.